பேருந்தில் தொங்கிய நான்கு படங்கள்

டிரைவர் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே ஓடும் கம்பியில், துணி காயப்போடும் கிளிப்புகளால் மாட்டிய நான்கு புகைப்படங்கள். போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறுகிற அந்தப் பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சாயும்போது நான்கும் ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிரும். அவற்றுக்குக் கீழே, சுடிதார்மேல் காக்கிச் சட்டையும் தோளில் தோல்பையுமாக, கம்பியில் முதுகைக் கொடுத்து நின்றபடி பயணிகளின் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள் கண்டக்டரம்மா. மற்ற கண்டக்டர்கள் டிக்கெட் எடுக்காதவர்களைத் தேடுவார்கள். அந்தப் பத்து நாட்களும் அவள் தேடியது வேறொன்றை. எந்தக் கண் எந்தப் படத்தில் போய் நிற்கிறது என்பதை.

அவை நான் எடுத்த படங்கள். வேலூரில் ஒரு போட்டோ லேபில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் நான். யார் யாருடைய கல்யாண முகங்களுக்கோ திரையின் முன் உட்கார்ந்து நிறம் திருத்துவதுதான் என் வேலை. கணவருக்கு ஜமுனாமரத்தூரில் மாணவர் விடுதியில் வேலை கிடைத்தபோது, கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று லேபை விட்டுவிட்டு மலைக்கு வந்தேன். வந்தபின் கையில் இருந்த காமிராவுக்கு ஓய்வில்லை. அந்த வருடம் கோடை விழாவில் படங்கள் விற்க எனக்கு ஓர் அரங்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். மூன்று நாள். படங்கள் விற்றால் மலையிலேயே ஒரு சின்னக் கடை. விற்காவிட்டால் நான் வேலூருக்குத் திரும்பி, பெண்கள் விடுதியில் தங்கி, பழைய நாற்காலியிலேயே உட்கார வேண்டியது. வாரக் கடைசியில் மட்டும் கணவரைப் பார்க்கலாம். இதை நாங்கள் இருவரும் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தோம். முடிவு செய்த பிறகு இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

எதை விற்பது என்பதுதான் சிக்கல். மாதிரிக்காகப் பழைய லேபில் சொல்லி, பளபளப்புத் தாளில் சில, பளபளப்பில்லாத மேட் தாளில் சில, ஓவியச் சீலைபோல இருக்கும் கேன்வாஸில் ஒன்று, லேமினேஷன் போட்டதில் ஒன்று என்று அச்சடித்து வாங்கினேன். தபால் அட்டை அளவிலிருந்து கதவு அகலம் வரை ஐந்தாறு அளவுகள். எல்லாவற்றிலும் அச்சடிக்க என்னிடம் வசதியில்லை. ஒரே ஒரு ஆர்டர், அதுவும் விழாவுக்குப் பத்து நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும். அந்த மாதிரிப் பார்சலைப் போளூரில் வாங்கி, ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையத்தில் என் கையில் கொடுத்தது கண்டக்டரம்மாதான். எங்கள் பழக்கம் அப்படிப்பட்ட பார்சல்களால் வந்தது. என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளுடைய அப்பா அதே பணிமனையில் டிரைவராக இருந்து பணியிலிருக்கும்போதே இறந்தவர். வாரிசு வேலையாகத்தான் இவளுக்கு இது வந்தது. நான் பார்சலைப் பிரித்து ஒவ்வொரு தாளையும் தடவிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் டீயைக் குடித்து முடித்து கிளாஸை வைத்தாள்.

“இதுல எத விக்கப் போற யக்கா?”

தெரியவில்லை என்றேன்.

“என் வண்டில மாட்டு. ஒரு நாளைக்கு எத்தினி தலை ஏறி எறங்குது. அவங்க சொல்லட்டும்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கிளிப் வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

நான்கு படங்களைத் தேர்ந்தெடுத்தோம். முதலாவது, விடிந்தும் விடியாத நேரத்தில் பனிமூட்டத்துக்குள் மலைகள் ஒன்றின்பின் ஒன்றாக அடுக்கி நிற்பது. அதற்காக நான் ஐந்து காலைகள் காத்திருந்தேன். என் வாழ்நாளின் சிறந்த படம் அதுதான் என்று நம்பினேன். அதைப் பளபளப்புத் தாளில் பெரிதாக மாட்டினேன். இரண்டாவது அருவி. மூன்றாவது, புளி உலுக்கும் படம். கிளை அடர்த்திக்குள் நின்று யாரோ உலுக்குகிறார்கள். ஆள் தெரியவில்லை, இரண்டு பாதங்கள் மட்டும் தெரிகின்றன. புளியம்பழங்கள் காற்றில் பாதி வழியில் நிற்கின்றன. நான்காவது, பலாப்பழங்களைக் கட்டிக்கொண்டு போகும் ஒரு மொபெட். ஓட்டுகிறவர் பழங்களுக்கு நடுவே எங்கோ இருக்கிறார்.

முதல் இரண்டு நாள், டிக்கெட் கட்டின் பின்னட்டையில் நான்கு பத்திகள் போட்டு, பார்த்தவர்களுக்குக் கோடு கிழித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் மாலை வெறுங்கையோடு இறங்கினாள்.

“எண்ணி பிரயோஜனம் இல்ல யக்கா. சும்மா எதிர்ல இருக்கறதால எல்லாரும்தான் பாக்கறாங்க. பாத்துட்டு பக்கத்துல இருக்கறவங்கள தட்டுறாங்களா, அதான் கணக்கு.”

“எதப் பாத்துத் தட்டறாங்க?”

“பலாப்பழம். அப்புறம் புளி. அருவிய கொஞ்ச பேரு.” தோல்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். “பனி படத்த யாரும் தட்டல.”

ஏன் என்று கேட்டேன்.

“ஜன்னல் வழியா பாத்தா அதேதான யக்கா வெளிய கீது? அதுவும் உன் படத்து மேல வெளிச்சம் பட்டு கண்ணாடி மாரி அடிக்குது. பின் சீட்ல இருந்து பாத்தா அவங்க மூஞ்சிதான் அவங்களுக்குத் தெரியுது.”

அடுத்த இரண்டு நாள் நான் பேருந்து நிலையத்துப் பக்கமே போகவில்லை. துணி துவைக்க இருக்கிறது, தலைவலிக்கிறது என்று கணவரிடம் காரணங்கள் சொன்னேன். ஐந்து காலைகள் குளிரில் நின்றவை என் கால்கள். ஒரு கண்டக்டர் வந்து அது ஜன்னலில் இலவசமாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போவதா? ஆறாம் நாள் காலை, முதல் நடைக்கு முன்னால் அவளே வீட்டு வாசலில் வந்து நின்றாள். “இன்னா, கோவமா? இன்னிக்கி நீயே வண்டில வா. உன் கண்ணால பாரு. டிக்கெட்டு வாங்கிடணும், ஆமா” என்றாள். போனேன்.

அன்று நான் பார்த்ததை லேபில் பதினோரு வருடத்திலும் பார்த்ததில்லை. அங்கே படங்களைப் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்க்கிற முகத்தைப் பார்த்ததே இல்லை. மலையடிவாரத்தில் ஏறிய ஒரு தாத்தா சாமை மூட்டையைக் காலுக்கிடையே வைத்துக்கொண்டு புளிப் படத்தையே பார்த்தார். பிறகு பக்கத்து ஆளின் தொடையில் தட்டி, “இது எங்க மாமன் மரம்” என்றார். பக்கத்து ஆள் அது தங்கள் ஊர் ஏரிக்கரை மரம் என்றார். முன் இருக்கைப் பெண் திரும்பி, இரண்டும் இல்லை என்று மூன்றாவதாக ஒரு மரத்தைச் சொன்னாள். இரண்டு வளைவு ஏறுவதற்குள் பேருந்தில் பாதிப்பேர் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். கிளை பிரிகிற இடம், பட்டையின் வெடிப்பு, பின்னால் தெரியும் பாறை என்று ஆளுக்கு ஒரு சாட்சி. “உக்காருங்க, உக்காருங்க, வளைவு வருது” என்று கத்திய கண்டக்டரம்மா, மக்களின் தலைகளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அப்போதுதான் நான்காவது இருக்கையிலிருந்து ஒரு குரல், கூச்சமும் சிரிப்புமாக வந்தது. “அது என் காலுங்க.”

எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. மடியில் கோழி ஒன்றை வைத்துக்கொண்டிருந்த பெண். முப்பது வயதிருக்கலாம். “மெட்டி பாருங்க. ஒரு கால்ல ரெண்டு, ஒரு கால்ல ஒண்ணு. மரத்து மேல ஏறுனப்ப ஒண்ணு எங்கியோ வுழுந்துச்சி. தேடி தேடி பாத்தோம், கெடைக்கல” என்றாள். எல்லோரும் குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்கள். தாத்தாதான் முதலில் சிரித்தார். கோழி பயந்து கத்துகிற அளவுக்கு அந்தப் பேருந்து சிரித்தது.

நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான்தான் எடுத்தேன் என்றேன். பங்குனியில் அந்த மரத்தடியில் நின்றவர்களிடம் கேட்டுத்தான் எடுத்தேன், மேலே இருந்தவளிடம் கேட்கத் தோன்றவில்லை. அதையும் சொன்னேன். விழாவில் இதை விற்கலாமா என்று கேட்டேன். அவள் யோசித்தாள். “காலுதானே, வித்துக்கோ. எங்க வூட்டுக்கு ஒண்ணு குடு. கண்ணாடி போட்டுக் குடுக்காத. மழை காலத்துல படம் கண்ணாடில ஒட்டிக்கிது. அடுப்புப் பொகை வேற. ஈரத்துணி வெச்சித் துடைக்கற மாரி குடு” என்றாள். தாள்களைப் பற்றி நான் கற்ற அத்தனையும் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. மலை வீடுகளுக்கு லேமினேஷன் என்று அங்கேயே முடிவானது. பைக்கில் வரும் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய படம் வேண்டாம், பையில் போகிற அளவு போதும், அடியில் கெட்டி அட்டை வைத்த மேட் தாள் என்பது கண்டக்டரம்மாவின் முடிவு. கதவு அகலக் கேன்வாஸை அவள் முதல் நாளே ஒதுக்கிவிட்டிருந்தாள். “பைக்ல வர்றவன் கதவையா கட்டிட்டுப் போவான்?”

பத்தாம் நாள், இறங்கும் நடையில், செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். அதை அவள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போதே பாதி நடித்துக் காட்டினாள். அவர் எல்லா டிக்கெட்டையும் பார்த்து முடித்து, படங்களின் முன்னால் வந்து நின்றாராம். “இன்னாம்மா இது, வண்டியா கண்காட்சியா?” அப்பாவின் வேலை, மேலதிகாரியின் மெமோ, வீட்டில் அம்மா என்று எல்லாம் ஒரே நொடியில் இவள் கண்ணுக்குள் ஓடியது. என் பேரைச் சொல்லக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்ததாம். அவர் பலாப்பழ மொபெட்டுக்கு இன்னும் கிட்டே போய், பழங்களை விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு, “ஏழு” என்றார்.

“எட்டு சார்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஏழுதான்யா. நான் எண்ணிட்டேன்.”

“ஹேண்டில்ல கோணி தொங்குது பாருங்க சார், அதுல ஒண்ணு கீது. காம்பு வெளிய தெரியுது.”

நாளைக்கு இது எதுவும் இருக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போனார். படிக்கட்டில் கால் வைத்தவர் திரும்பி வந்தார். இன்னொரு முறை குனிந்து பார்த்தார். கண்டக்டரம்மாவிடம், வேறு யாருக்கும் கேட்காத குரலில், “எட்டுதாம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று மாலையே படங்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். கம்பியை வெறுமையாகப் பார்க்க அவளுக்கு மனசே இல்லை என்றாள். ஆனால் தீர்ப்பு வந்துவிட்டது. மறுநாள் காலை லேபுக்கு ஆர்டர் போனது.

விழாவில் பலாப்பழ மொபெட் இரண்டாம் நாள் மதியமே தீர்ந்தது. அரங்கின் முன்னால் ஏழு, எட்டு, ஒன்பது என்று குடும்பம் குடும்பமாக நின்று எண்ணினார்கள். தோற்றவர் வாங்க வேண்டும் என்று அப்பாவும் மகளும் பந்தயம் கட்டினார்கள். புளிப் படத்தை லேமினேஷனில் வாங்கியவர்கள் எல்லோரும் மலைக்காரர்கள். மெட்டிக்காரி தன் கணவரையும் மாமியாரையும் கூட்டிவந்து, படத்துக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று எல்லோருக்கும் கால்களைக் காட்டினாள். பனிப் படத்தைச் சிறிய அளவில் கொஞ்சம்தான் போட்டிருந்தேன். வாங்கியவர்கள் இரண்டே பேர், இருவரும் சமவெளி ஊர்க்காரர்கள், மலையில் ஜன்னல் இல்லாதவர்கள். எனக்கு வருத்தம் இல்லை. மூன்றாம் நாள் மாலை காலி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், “அப்ப வேலூர் இல்ல” என்றார். கேள்வியாக அல்ல. மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

இப்போது பேருந்து நிலையத்தை ஒட்டி எனக்குக் கடை இருக்கிறது. எதை அச்சடிப்பது என்று குழம்பினால் வாசலில் ஒரு பிரதியை மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து முகங்களைப் பார்க்கிறேன். கண்டக்டரம்மா திருப்பத்தூர்ப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டாள். அங்கேயும் ஒரு பேருந்து நிறையப் பேரை அதட்டிக்கொண்டிருப்பாள். மாற்றலுக்கு முந்தைய வாரம், உனக்கு எந்தப் படம் வேண்டும், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். கடை முழுக்கப் பார்த்தாள். “என் வண்டி மலை ஏறுறத நான் பாத்ததே இல்ல யக்கா. எப்பவும் உள்ளயே இருந்துட்டேன். அத எடுத்துக் குடு” என்றாள்.

அவளுடைய விடுமுறை நாளில் இருவரும் மேல் வளைவுக்கு நடந்துபோய்ப் பாறையில் உட்கார்ந்தோம். வெகு நேரம் எதுவும் இல்லை. பிறகு கீழே மரங்களுக்கு நடுவே ஒரு தீப்பெட்டி தெரிந்து மறைந்தது. “இவ்ளோ சின்னதா?” என்றாள். அது வளைவுக்கு வளைவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, மூச்சு வாங்கி, சாய்ந்து நிமிர்ந்து வந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். நான் காமிராவைத் தூக்கினேன். சரியாக எங்களுக்கு நேர் கீழே, சாலை அகன்ற இடத்துக்கு அது வந்தபோது, அவள் என்ன செய்கிறாள் என்று அவளுக்கே தெரியுமுன், இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்துவிட்டாள்.

ஒரு விசிலுக்கு நின்று நின்று பழகிய பேருந்து. நின்றுவிட்டது.

ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. டிரைவர் பாதி உடம்பை வெளியே போட்டு, அண்ணாந்து, கையைக் கண்மேல் வைத்துப் பார்த்தார். பார்த்ததும் பல் அத்தனையும் தெரியச் சிரித்து, ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். உள்ளிருந்து யாரோ, “கண்டக்டரம்மா டோய்!” என்று கத்த, ஜன்னலுக்கு ஒன்றாகக் கைகள் வெளியே வந்து ஆடின. அன்று அவளுக்குப் பதிலாக வந்திருந்த கண்டக்டர் படியில் இறங்கி நின்று ஒன்றும் புரியாமல் மேலும் கீழும் பார்த்தார். இவள் சிரிப்பை அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழிய, மறுபடியும் விரலை வாயில் வைத்தாள்.

இந்த முறை இரண்டு விசில். பேருந்து கிளம்பியது.