விலாசினி ஏறினால் நிற்கும் வண்டி

விலாசினி ஏறும் நாட்களில்தான் அந்தக் கார் வழியில் நின்றது. கல்யாண வீட்டுக்குப் போனவர்கள் ஏறினார்கள், ஏர்போர்ட்டுக்குப் போனவர்கள் ஏறினார்கள், பிள்ளை பெற்றுத் திரும்பியவர்கள் ஏறினார்கள். யாருக்கும் நிற்கவில்லை. அவளுக்கு மட்டும் நின்றது.

கார் ரெத்தினதாசுடையது. வெள்ளறடை சந்திப்பில் வாடகைக்கு ஓட்டுகிறார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். லாரியில் கிளீனராக ஏறி, பிறகு அடுத்தவர் ஜீப்பை ஓட்டி, ஐம்பதை நெருங்கும்போதுதான் சொந்தமாக ஒரு வண்டி எடுத்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆராதனையில் கடைசி பெஞ்சில்தான் இருப்பார். பாட்டு மட்டும் முதல் பெஞ்சுக்கும் கேட்கும்.

வண்டி வந்த அன்று போதகர் பானெட்டில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார். ஜெஸிக்கு அது போதவில்லை. ரெத்தினதாசின் மனைவி ஜெஸி வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபத்துக்குப் போகிறவள். அங்கே ஜெபித்துக் கொடுக்கிற தேங்காய் எண்ணெயைக் காய்ச்சல்காரரின் நெற்றியிலும் புது வீட்டின் வாசல் நிலையிலும் தொட்டு வைப்பது அவர்கள் வழக்கம். அந்த எண்ணெயை ஒரு சின்னக் குப்பியில் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தாள். அன்று முதல் ரெத்தினதாஸ் ஒரு நாளும் தவறியதில்லை. விடியலில் சாவியின் நுனியைக் குப்பியில் முக்கி எடுப்பார். "கர்த்தாவே, ஏறினவங்கள சுகமா இறக்கிவிடணும்" என்பார். அதன் பிறகே சாவியை நுழைத்துத் திருப்புவார்.

விலாசினி இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். கணவன் குட்டப்பன் ரப்பர் பால் வெட்டுகிறார். விலாசினிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் நெய்யாற்றின்கரைக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். காலை முதல் ஷிப்டு என்பதால் இருட்டோடு இருட்டாகக் கிளம்புவார்கள். வண்டிக்குள் காற்று இல்லாவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டும். ரோட்டுப் புழுதியும் ஆகாது. அதனால் அவளுக்கு மட்டும் ரெத்தினதாஸ் கண்ணாடிகளை ஏற்றி ஏசியை முழுவதும் வைப்பார். மற்ற சவாரிகளில் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார்.

டிசம்பர் குளிர் பிடித்த வாரத்தில் முதல் தடவை நின்றது. குன்னத்துகால் தாண்டி ஒரு வளைவு. சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை, எஞ்சின் அப்படியே அணைந்தது. ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. எதிரே வந்த, மரத்தடி ஏற்றிய லாரி ஹாரன் அடித்தபடி ஒரு முழ இடைவெளியில் உரசிப்போனது. ரெத்தினதாஸ் வண்டியை உருள விட்டு ஓரத்தில் சேர்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

அடுத்த வாரம் உதியன்குளங்கரையில் நின்றது. அதற்கடுத்து அமரவிளை பாலத்தின் நடுவில். கீழே ஆறு இருட்டாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பஸ். விலாசினி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

வண்டி வாங்கின ஷோரூமுக்குக் கொண்டுபோனார். கேட்டில் வண்டியை வாங்கி வைக்கிற தீபு என்ற பையன் நல்லவன்தான்.

"அண்ணா, கம்ப்யூட்டர் குத்திப் பாத்தாச்சு. ஒரு கம்ப்ளெயிண்டும் காட்டல்ல. வண்டி கிளியராக்கும்."

"நிக்குதே மக்கா."

"இஞ்ச நிக்கல்லியே. உச்ச வெயில்ல பாலராமபுரம் வரைக்கும் ஓட்டிப் பாத்தோம். நிக்கும்போ அப்பிடியே கொண்டு வாங்க."

"நிக்கும்போ எப்பிடி மக்கா கொண்டு வாறது?"

தீபு சிரித்துவிட்டான். ரெத்தினதாசும் சிரித்தார். அவர்கள் டீசல் பில்டரை மாற்றினார்கள், பேட்டரி வயரை இறுக்கினார்கள். அடுத்த டயாலிசிஸ் நாளில் வண்டி மறுபடி நின்றது.

சந்திப்பில் ஆட்டோ ஓட்டுகிற பொன்னப்பன் முதலில் விளையாட்டாகத்தான் சொன்னான். "அண்ணா, உமக்க வண்டிக்கு விலாசினி அக்காவ கண்டா வெக்கமாக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். சில நாள் போனபின் அதே பொன்னப்பன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, தப்பா எடுக்காதீரும். சில வண்டிக்கு ஆள் தெரியும். சாகப்போற ஆள அது ஏத்தாது."

இதையெல்லாம் நம்பாதே என்று ரெத்தினதாசுக்கு உள்ளே ஒரு குரல் சொன்னது. ஆனாலும் விலாசினி கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால் அவர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்ததை அதிகமாகச் செய்தார். சாவியை இரண்டு தடவை முக்கினார். பிறகு குப்பியையே சரித்து, சாவித் துவாரத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். எண்ணெய் வழிந்து அவர் முழங்காலில் பட்டது. அவர் துடைக்கவில்லை.

வண்டி முன்னைவிட அடிக்கடி நின்றது.

ஒரு காலையில் விலாசினி வாசலுக்கு வந்தாள். ஏறவில்லை.

"நான் வரல்ல தாசு."

"என்ன அக்கா பேசுதிய? ஷிப்டு போயிரும். ஏறுங்க."

"வண்டிக்க கேடு இல்ல இது. கம்பெனிக்காரனே பாத்துட்டு ஒண்ணும் இல்லண்ணு சொல்லியாச்சு. எனக்க விளியாக்கும், சாவு விளிக்குது. ஆரோ வழியில நிண்ணு போகண்டாம் போகண்டாம்ணு பிடிச்சு நிறுத்துதாவ."

குட்டப்பன் கெஞ்சினார். வேறு வண்டி பிடிக்கிறேன் என்றார். "எதுல ஏறினாலும் நிக்கும்" என்றுவிட்டு அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த முறை போகவில்லை. அடுத்த முறையும் போகவில்லை. முகம் வீங்கியது. காலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ரெத்தினதாஸ் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வீட்டின் விளக்கைப் பார்ப்பார். தன் வண்டி ஒரு மனுஷியைக் கொல்கிறது என்று அவருக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில்கூடச் சொல்லப் பயந்தார்.

அந்த வாரமே விடியலில் போன் வந்தது. குட்டப்பன்.

"தாசு, அவளுக்கு மூச்சு எடுக்க முடியல்ல. கிடக்கவும் முடியல்ல. ஆம்புலன்ஸ விளிச்சாச்சு, வர அரை மணிக்கூர் ஆவும்ணு சொல்லுதான். நீ வண்டிய எடு மக்கா."

ரெத்தினதாஸ் ஓடினார். எண்ணெய்க் குப்பி எப்போதும் அடுக்களையில் அடுப்புப் பக்கம் இருக்கும். முந்தின நாள் மறந்து வண்டியிலேயே வைத்துவிட்டிருந்தார். அவசரத்திலும் பழக்கம் விடவில்லை, சாவியைக் குப்பியில் முக்கினார். முங்கவில்லை. இடித்தது. குப்பியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. பனியில் எண்ணெய் மெழுகாக வெள்ளையாய் உறைந்து கிடந்தது.

சாவியை நுழைத்துத் திருப்பினார். விளக்கு எரியவில்லை. சத்தமே இல்லை. பஞ்சுக்குள் திருப்பினதுபோல் இருந்தது. உருவிப் பார்த்தார். சாவியின் பள்ளத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு பிசின் ஒட்டியிருந்தது. எண்ணெயும் தூசியும்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிரில் உறையும். வெயிலில் உருகும். ஷோரூம்காரர்கள் வெயிலில் ஓட்டினார்கள். மற்ற சவாரிகள் எல்லாம் பகல். விலாசினி அக்காவுக்கு மட்டும் விடியற்காலை. அவளுக்கு மட்டும் ஏசி. அந்தக் குளிர்காற்று ஸ்டியரிங் பக்கத்து ஓட்டை வழியாகச் சாவித் துவாரத்தின் மேலேயே அடிக்கும்.

"என் கையாக்கும்" என்றார். "கர்த்தாவே, என் கையாக்கும்."

அடுக்களைக்கு ஓடினார். ஜெஸி கட்டங்காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். கொதிக்கிற தண்ணீரில் சாவியைப் பிடித்தார், முண்டில் துடைத்தார், ஓடிப்போய் நுழைத்துச் சூட்டோடு அசைத்தார், மறுபடி ஓடிவந்தார். "உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று ஜெஸி கேட்டாள். கடைசியில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. எஞ்சின் பிடித்தது.

ஏசித் திருகியில் குளிருக்கு நீலம் ஒரு பக்கம், சூட்டுக்குச் சிவப்பு ஒரு பக்கம். அந்த ஊரில் யாரும் சிவப்புப் பக்கம் திருப்பியதில்லை, அவரும் திருப்பியதில்லை. இன்று கடைசி வரை திருப்பினார்.

விலாசினியைக் குட்டப்பன் தூக்கிக்கொண்டுவந்து பின்சீட்டில் சாய்த்தார். அவள் மூச்சு கொல்லன் துருத்திபோல் இழுத்தது. முன்னாலிருந்து அனல் அடித்தது.

"ஏசி..." என்றாள். "தாசு... ஏசி."

"போட முடியாது அக்கா."

"எலே!" குட்டப்பன் அலறினார். "அவ மூச்சு முட்டிச் சாவுதா, நீ தீய வைக்குதியா? நிறுத்து அத!"

"அண்ணா, ஏசி போட்டா வண்டி நிக்கும். எண்ணெயாக்கும் காரணம். நான் தினமும் சாவியில வச்ச ஜெப எண்ணெய். குளிர்ல உறைஞ்சு கரண்ட விட மாட்டேங்குது. அவிய பக்கத்து கண்ணாடிய மட்டும் தாத்தி விடுங்க. தல வெளிய பாக்க இருக்கட்டும்."

"நீ என்ன உளறுத?"

"உள்ளதச் சொல்லுதேன் அண்ணா. பிறகு அடியுங்க. இப்ப கண்ணாடிய தாத்துங்க."

குட்டப்பன் கண்ணாடியை இறக்கினார். வெளியிலிருந்து பனிக்காற்று அவள் முகத்தில் அடித்தது. முன்சீட்டில் ரெத்தினதாஸ் வியர்வையில் நனைந்தார். இடது கையால் ஓட்டினார். வலது உள்ளங்கையைச் சாவியின் மேல் பொத்தி வைத்திருந்தார், குளிர் அதற்குள் போகக்கூடாது என்று. கியர் மாற்றும்போது மட்டும் அந்தக் கை ஸ்டியரிங்குக்கு வரும். குன்னத்துகால் போனது. உதியன்குளங்கரை போனது. பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பயம். கேட்காத நொடிகளில் அதைவிடப் பயம்.

அமரவிளை பாலத்தில் ஏறியதும் ஆற்றுக் காற்று உள்ளே புகுந்தது. டாஷ்போர்டில் விளக்குகள் ஒரு தரம் மின்னின. எஞ்சின் விக்கியது. குட்டப்பன் "பகவதீ" என்றார். ரெத்தினதாஸ் சாவியை விரல் வலிக்க அழுத்திப் பிடித்தார். வண்டி இன்னொரு தரம் விக்கியது. பிறகு பாலம் பின்னால் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நர்சுகள் அவளை ஸ்ட்ரெச்சரில் எடுத்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் வைக்குமுன் அவள் கண்ணைத் திறந்தாள்.

"தாசு... நிண்ணுதா?"

"நிக்கல்ல அக்கா."

"அப்ப என்னை ஆரும் விளிக்கல்ல" என்றாள். கதவு மூடியது.

வெயில் ஏறிய பிறகு குட்டப்பன் வெளியே வந்தார். "மிஷின்ல போட்டாச்சு. நீர் இறங்குதுண்ணு சொன்னாவ. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். ரெத்தினதாஸ் காரில் இருந்தார். சாவித் துவாரத்திலிருந்து உருகிய எண்ணெய் அவர் முழங்காலில் சொட்டிக்கொண்டிருந்தது. குட்டப்பன் அதைப் பார்த்தார். அடிக்கவில்லை.

மறுநாள் ரெத்தினதாஸ் ஷோரூமுக்குப் போய்ச் சாவி சுவிட்சை மாற்றச் சொன்னார். ஏன் என்று தீபுவிடம் மறைக்காமல் சொன்னார். ஜெஸி குப்பியை எடுத்து அலமாரியில், பைபிளுக்குப் பின்னால் வைத்தாள்.

விலாசினி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, மறுபடி முதல் ஷிப்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, எஞ்சின் சத்தம் கேட்ட பிறகே ஏறினாள். ஏசி நீலத்தில் ஓடியது. பாலம் வந்தபோது மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். கீழே ஆறு இருட்டாகப் போனது. அந்தக் கரை தொட்டபிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"தாசு, நீ இன்னைக்கு ஜெபம் பண்ணல்லியா? ஒண்ணும் சொல்லக் காணல்லியே."

"பண்ணினேன் அக்கா."

"எண்ணெய்?"

"இல்ல அக்கா. வெறுங்கையாக்கும்."

"அது மதி, அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள் விலாசினி. ரெத்தினதாசின் வலது கை அவரை அறியாமல் சாவியின் மேல் போய்ப் பொத்திக்கொண்டது. நெய்யாற்றின்கரை வரும் வரை அவர் அதை எடுக்கவில்லை.