செல்வமேரியின் வயிற்றெரிச்சலும் தேங்காய் பர்பியும்

செல்வமேரி பொறாமைப்படாமல் இருந்த காலம் என்று ஒன்று உண்டா என்று அவளுடன் பிறந்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். வையம்பட்டியில் பாவாடை கட்டித் திரிந்த வயதிலேயே, அக்காவின் சடை தன் சடையைவிட நீளமாக இருக்கிறதென்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவள். கல்யாணமாகித் திருச்சி பாலக்கரைக்கு வந்த பிறகும் அந்தக் குணம் கூடவே வந்து குடியேறிவிட்டது. நல்ல மனுஷிதான். அடுத்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு முதலில் ஓடுகிறவள் அவள்தான். ஆனால் அதே ஆள் உடம்பு தேறிப் புதுப்புடவை கட்டிக்கொண்டு பூசைக்கு வந்தால், செல்வமேரிக்கு அன்று பிரசங்கம் காதில் ஏறாது.

அவள் புருஷன் அற்புதசாமி வேலை பார்த்த அச்சகத்தை மூடியபோது மகன் பிரவீன்ராஜ் கைக்குழந்தை. செல்வமேரி அழுதுகொண்டு உட்காரவில்லை. அம்மா வீட்டில் கற்றுக்கொண்ட தேங்காய் பர்பியைத் தட்டில் அடுக்கி, மாதா கோயில் வாசலில் கொண்டு போய் உட்கார்ந்தாள். தட்டு பெட்டிக்கடையாகி, பெட்டிக்கடை கோயிலுக்குப் போகும் தெருவிலேயே ஒரு மிட்டாய்க்கடை ஆயிற்று. மகன் படித்துச் சென்னைக்கு வேலைக்குப் போனதும் அந்த அடுப்பை வைத்துத்தான்.

அவளுடைய பர்பிக்கு ஒரு கறார் உண்டு. வெள்ளை வெளேரென்று இருக்கும். ஓரம் சதுரமாக நிற்கும். கடித்தால் மொறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். மாதா திருவிழா அன்று காலைப் பூசை முடிந்ததும் வந்திருக்கும் அத்தனை பேர் கையிலும் ஒரு இனிப்பு கொடுப்பது அந்தக் கோயில் பங்கு மக்களின் வழக்கம். அது செல்வமேரி கடை பர்பிதான் என்பதும் வழக்கமாகிவிட்டது. சாமியார்கள் மாறினார்கள், பீடத்துக்குப் புது டைல்ஸ் வந்தது, பர்பி மாறவில்லை. அன்றைக்கு ஒருநாள் அவள் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட மாட்டாள். எல்லார் வாயிலும் அவள் பர்பி இருக்கும்போது அவளுக்கு என்ன குறை?

அந்த நிம்மதியில் மண்ணைப் போட வந்தவள்தான் ஜாஸ்லின். கேட்டரிங் படித்த பெண். நாலு கடை தள்ளி ஒரு ஸ்வீட் ஸ்டால் போட்டாள். கண்ணாடி அலமாரி, உள்ளே மஞ்சள் விளக்கு, வேலை செய்யும்போது தலையில் வெள்ளைத் தொப்பி. செல்வமேரியும் புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டுதான் காலமெல்லாம் பாகு காய்ச்சினாள். அதை எவளாவது செல்போனில் படம் எடுத்துப் போட்டாளா? போதாக்குறைக்கு அந்தப் பெண் இவளை "ஆன்ட்டி" என்று வேறு கூப்பிட்டாள். ஒரே தெருவில் கடை வைத்திருக்கிற இரண்டு பேரில் ஒருத்தி எப்படி இன்னொருத்திக்கு ஆன்ட்டி ஆக முடியும் என்று செல்வமேரி புருஷனிடம் கேட்டாள்.

"உனக்கு நரைச்சிருக்கு, அந்தப் பொண்ணுக்கு இல்ல. மேரி, அதப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு," என்றார் அற்புதசாமி. அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்பு இல்லை.

இந்த வருஷம் திருவிழாவுக்குக் கொடியேற்றுவதற்கு முன்பே, கோயில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவையிலிருந்து அன்புச்செல்வன் வந்தார். நின்றுகொண்டே பேசினார். உட்கார்ந்தால் தப்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஜாஸ்லினும் நம்ம பங்குதான். அதுக்கும் ஒரு வாய்ப்புக் குடுக்கலாம்னு பேச்சு வந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தட்டு தேங்காய் பர்பி கொண்டு வாங்க. பெரியவங்க சாப்பிட்டுப் பாத்துச் சொல்லட்டும்."

"இத்தனை வருஷமா சாப்பிட்டவங்களுக்கு இன்னும் ருசி தெரியலையாக்கும்," என்றாள் செல்வமேரி. பிழைப்பு போய்விடும் என்ற பயம் இல்லை. திருவிழா அன்று கோயில் வாசலில் நின்று, ஊரே இன்னொருத்தி கை இனிப்பைத் தின்பதைப் பார்க்க வேண்டுமே என்றுதான் பயம்.

சனிக்கிழமை காலையில் தன் பர்பியைக் கொட்டித் துண்டு போட்டு வைத்துவிட்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள். ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் வாங்கியிருந்தாள். வழியில் ஜாஸ்லின் கடையைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து தேங்காய் வாசனை வந்தது. என்னதான் செய்கிறாள் என்று பார்க்காமல் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஈஸ்டருக்கு அந்தப் பெண் பலகாரம் வைத்து அனுப்பிய எவர்சில்வர் தட்டு ஒன்று திருப்பித் தராமல் கிடந்தது. வேண்டுமென்றேதான் தராமல் வைத்திருந்தாள். இப்போது அது உதவிக்கு வந்தது. வீட்டுக்குப் போய்த் தட்டை எடுத்து, வெறுந்தட்டாகத் தரக்கூடாதே என்று இரண்டு வாழைப்பழத்தை வைத்து, தோளில் மாட்டிய மார்க்கெட் பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள்.

"வாங்க ஆன்ட்டி! உள்ள வாங்க. தட்டுக்கு என்ன அவசரம்?" என்றாள் ஜாஸ்லின். அடுப்பில் பெரிய வாணலி. பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் துருவிய தேங்காய் குவியலாக இருந்தது. துருவலில் ஓட்டின் பழுப்பு ஒரு துளி இல்லை. சுத்தமாகத்தான் செய்கிறாள் சண்டாளி, என்று செல்வமேரி மனதுக்குள் முனகினாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சிலிண்டர்காரன் சத்தம் போட்டான்.

"ஆன்ட்டி, கொஞ்சம் பிடிங்க, வந்துடறேன்," என்று ஜாஸ்லின் கரண்டியை நீட்டினாள்.

மிட்டாய் வேலையில் இது ஒரு வழக்கம். பாகு அடுப்பில் இருக்கும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போக மாட்டார்கள்; யார் கையிலாவது கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்கள். நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வாங்கிக்கொள்வார்கள். வாங்கிய கைதான் அந்தப் பாகுக்குப் பொறுப்பு. செல்வமேரி அதை மீறியதே இல்லை.

கரண்டியை வாங்கினாள். கிண்டினாள். வாசலில் ஜாஸ்லின் சிரித்துப் பேசுவது கேட்டது. சிலிண்டர்காரனிடம்கூட இவளுக்குச் சிரிப்பு வருகிறதே என்று எரிந்தது. பாகு பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தேங்காய் விழும், பர்பி இறுகும், சாயங்காலம் தட்டில் ஏறும். ஜாங்கிரிப் பாகு சர்க்கரையாகப் பூத்துப்போகாமலிருக்க இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிவார்கள். பர்பிப் பாகில் யாரும் அதைக் கிட்டேயே கொண்டுவர மாட்டார்கள். பூத்தால்தானே பர்பி இறுகும்?

அவள் கை, பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டது. அங்கே கிடந்த கத்தியால் ஒரே வெட்டு. இரண்டு மூடியையும் பாகின் மேல் பிழிந்தாள். வடிகட்ட ஏது நேரம்? மூடிகளைப் பைக்குள் போட்டு, கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடியும் கிண்டினாள். ஜாஸ்லின் வந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றாள். செல்வமேரிக்கு வெளியே வந்து வெயில் முகத்தில் பட்டதும் மனசு குதிக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செல்வமேரியின் தட்டில் பர்பிகள் செங்கல் அடுக்கியதுபோல் இருந்தன. ஜாஸ்லின் தட்டில் துண்டு இல்லை. சின்னச் சின்னதாகப் பட்டர் பேப்பரில் சுருட்டி வைத்திருந்தாள்.

"இறுகவே இல்லைங்க. வெட்ட வரல. அதான் உருட்டிப் பேப்பர்ல சுத்திட்டேன். மன்னிச்சுக்கங்க," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. செல்வமேரி முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ள ரொம்பக் கஷ்டப்பட்டாள்.

முதலில் எடுத்தவர் ரிட்டயர்டு தலைமையாசிரியர். பிரித்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். அந்த வரிசையில் பாதிப் பேருக்குப் பல் செட்டு, மீதிப் பேருக்கு அதுவும் இல்லை என்பதைச் செல்வமேரி யோசித்தே பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக அவளுடைய பர்பியை அவர்கள் கையில் வாங்கிக்கொண்டு போய்ப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"வெண்ணெய் மாதிரி கரையுதும்மா," என்றார் அவர். இன்னொரு கை நீண்டது. இன்னொரு கை. பின்வரிசையில் இருந்த அற்புதசாமியும் எழுந்து வந்து ஒன்று எடுத்தார். போன வருஷம்தான் அவருக்குப் பல் செட்டு வைத்தது. பெண்டாட்டி பார்க்கிறாள் என்று தெரிந்தும், இரண்டாவதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திருவிழா இனிப்பு ஜாஸ்லினுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு செல்வமேரி பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மற்றவர்கள் பொறாமைப்பட்டால் அடுத்தவளுக்கு வாய்த்தது தனக்கு வாய்க்கவில்லை என்று படுவார்கள். இவளோ தன் கையால் செய்ததைப் பார்த்தே பொறாமைப்பட வேண்டியதாயிற்று. தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் அந்தப் பர்பியைப் பற்றியே பேசினார்கள். அது நான் செய்தது, நான் செய்தது என்று உள்ளே கத்திக்கொண்டே, "ஆமா, நல்லாருக்காம்ல," என்று வெளியே சொன்னாள். உண்மையைச் சொன்னால் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரோடு கூடவே இன்னொரு பெயரும் கிடைக்கும்.

பொறுக்க முடியாமல் தானும் ஒரு வாணலிக்கு எலுமிச்சை பிழிந்து, அதேபோல் பேப்பரில் சுருட்டிக் கடையில் வைத்தாள். அதே மென்மை, அதே பளபளப்பு. பொன்னுத்தாய் என்கிற பழைய வாடிக்கைக்காரி ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "அட, அந்தப் பொண்ணு மாதிரியே வந்துருக்கே! பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டீங்களாக்கா?" என்றாள். செல்வமேரி மிச்சத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அதை அற்புதசாமி சத்தமில்லாமல் தின்று தீர்த்தார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஜாஸ்லின் இவள் கடைக்கு வந்தாள். தொப்பி இல்லை, முகமெல்லாம் வியர்வை.

"ஆன்ட்டி, கொஞ்சம் வர்றீங்களா? பாகு அடுப்புல இருக்கு. எங்கம்மா பிடிச்சுக்கிட்டிருக்காங்க."

"எனக்கென்ன வேலை அங்க?"

ஜாஸ்லின் குரலைத் தணித்தாள். "அன்னைக்கு முதல் உருண்டை நான்தான் வாயில போட்டேன். பல்லுல ஒரு கொட்டை மாட்டுச்சு. எலுமிச்சங்கொட்டை. எங்கடையில எலுமிச்சம்பழமே கிடையாது ஆன்ட்டி."

செல்வமேரி தராசைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அற்புதசாமி இருமுவது எங்கோ தூரத்தில் கேட்டது.

"யார்ட்டயும் சொல்லல," என்றாள் ஜாஸ்லின். "கோவம் வந்துச்சு. அழுதேன். அப்புறம் பாத்தா எல்லாருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு. எத்தனை பழம், எந்தப் பதத்துலன்னு எனக்குத் தெரியல. நான் போட்டா ஒண்ணு புளிக்குது, இல்லாட்டி கல்லாட்டம் இறுகிடுது. நாளைக்கு ஊருக்கே குடுக்கணும். நீங்க வந்து போட்டாதான் வரும்."

ஜாஸ்லின் கத்தியிருந்தால் செல்வமேரி பதிலுக்குக் கத்தியிருப்பாள். கோயிலில் போய்ச் சொல்லியிருந்தால் சத்தியம் பண்ணி மறுத்திருப்பாள். இவளோ அழுததையும் சொல்லி, மன்னித்ததையும் காட்டிக்கொள்ளாமல் வாசலில் நிற்கிறாள். இதிலும் என்னை முந்திவிட்டாளே என்று நினைத்தபோது, சடைக்காகச் சோற்றுத் தட்டைத் தள்ளிய நாளிலிருந்து அன்றுவரை எரியாத ஒரு இடத்தில் எரிந்தது.

கடையை அற்புதசாமியிடம் விட்டுவிட்டு அவள் பின்னால் போனாள்.

ஜாஸ்லின் தன் அம்மாவிடமிருந்து கரண்டியை வாங்கி அப்படியே செல்வமேரி பக்கம் நீட்டினாள். செல்வமேரியின் கை உடனே எழவில்லை. பாகு கொதித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை, வாங்கினாள். விரலில் தொட்டு இழுத்துப் பார்த்தாள். கம்பி நீளுவதற்குச் சற்று முன்பே, "இப்ப. ஒரு பழம் போதும்," என்றாள். பிறகு, கண்ணை வாணலியிலிருந்து எடுக்காமல், "வடிகட்டத் துணி குடு," என்றாள்.

ஜாஸ்லின் மடித்து வைத்திருந்த துணியை எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள். மல்லிகைப்பூ போல வெள்ளையாக இருந்தது. செல்வமேரி வீட்டில் பாகு வடிகட்டும் துணி இத்தனை வெள்ளையாக என்றைக்கும் இருந்ததில்லை. எலுமிச்சையைத் துணியில் வைத்துப் பிழியும்போது அவளுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"என்ன சோப்புப் போடற?" என்று கேட்டாள்.