நடுவில் நிறுத்தக்கூடாத பாட்டு

மாலை நான்கு இருபதுக்கு, பெங்களூர் பாசஞ்சர் வருவதற்குச் சற்று முன்பு, ஆம்பூர் ரயில் நிலைய நடைமேடையில் அப்பா எங்களைப் பார்த்து, "அந்த இங்கிலீஷ் பாட்டையே வாசிங்க. கீர்த்தனை சாவு வீட்ல பாடற மாதிரி இழுக்குது" என்றார். எல்லாம் தவறாகப் போகத் தொடங்கிய நேரம் அதுதான். அதுவரை நாங்கள் வாசிப்பதாக இருந்தது, எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனை.

நாங்கள் என்றால், கன்னியர் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர். கையில் பிளாஸ்டிக் குழல்கள், கம்பியை வளைத்துச் செய்த ஒரு முக்கோணம், ஒரு மேளம். மேளம் என்பது பெரிய பிஸ்கட் டின்தான். தோல் பதனிடும் இடத்திலிருந்து அப்பா கேட்டு வாங்கிவந்த ஆட்டுத்தோலை, ஈரத்தோடு அதன் வாயில் இழுத்துக் கட்டி வெயிலில் காயவைத்திருந்தோம். மழை நாளில் அது தொய்ந்துபோய்ப் பேசவே பேசாது. அன்றைக்கு நல்ல வெயில்.

சொல்லிக்கொடுத்தவர் அயர்லாந்துக்கார சிஸ்டர். தலைமுடி நரைத்ததெல்லாம் ஆம்பூரில்தான். வெயிலில் கன்றிச் சிவந்த முகத்தோடு, எங்கள் தெருக்காரி மாதிரியே, "இன்னாடி, மூச்சு ஜாஸ்தியா வுடற? கம்மி பண்ணு" என்பார். கீழ்ச் சுரங்களுக்குச் சூடான காப்பியை ஆற்றுவதுபோல மெல்ல ஊத வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் குழல் கீச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அவர் ஊர்ப் பழைய பாட்டு ஒன்றின் மெட்டை, ஒவ்வொரு அடியாக, வாரக்கணக்கில் எங்கள் விரல்களில் ஏற்றினார். சொற்களைப் பரீட்சை முடிந்த பிறகு சொல்லித்தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு சட்டம்தான்: தப்பு வந்தாலும் நடுவில் நிறுத்தக்கூடாது.

அந்தச் சொற்கள் என்ன என்பது பல வருஷங்கள் கழித்து எனக்குத் தெரிந்தது. போருக்குப் போன புருஷன் திரும்பி வருகிறான். வழியில் எதிர்ப்படும் மனைவிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. உன் கால் எங்கே, கண் எங்கே என்று அவள் கேட்டுக்கொண்டே வருகிறாள். இப்படிப்பட்ட பாட்டுக்கு நடைபோட வைக்கும் மெட்டு எப்படி வந்தது என்று தெரியவில்லை. அதே மெட்டுக்கு இன்னொரு தேசத்தில், வீரன் வெற்றியோடு வருகிறான் என்று குதூகலமாக வேறு சொற்களும் போட்டிருக்கிறார்களாம். போன வாரம் அதைத்தான் என் மகன் செல்போனில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் ஓடிப் பழகினான். நாளை ராணிப்பேட்டையில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அடுப்பில் பாலை வைத்திருந்தேன். மெட்டு காதில் விழுந்ததும் பால் பொங்கியது கூடத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

அன்று ரயிலில் வரவிருந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பட்டாளத்துக்காரர். வடக்கே எல்லையில் காலில் அடிபட்டு, பெங்களூர் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வருகிறார் என்று மளிகைக்கடை போனில் சேதி வந்திருந்தது. காலில் அடி என்றால் ஆறிவிடும் என்பது அம்மாவின் முடிவு. "வெறும் அடியோட போச்சேன்னு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்று அத்தையிடம் சொன்னாள். அத்தை, மாமாவின் மனைவி, வேலூரில் நர்ஸ். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "எந்த எடத்துல அடி? முட்டிக்கு மேலயா, கீழயா?" என்று மட்டும் கேட்டாள். போனை எடுத்த கடைக்காரருக்கு அது தெரியவில்லை. நடைமேடையில் அத்தை, ஈரத்துணியில் சுற்றிய ரோஜா மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தண்டவாளம் வளையும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. எங்கள் ஊரில் வந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை இரண்டுதான்: பிரியாணி வாங்கித் தருவது, இல்லையென்றால் ஷூ கொடுப்பது. அப்பா வேலை பார்த்த ஷூ கம்பெனியில், உள்பக்கம் ஒரு தையல் பிசகியதால் கப்பலேறாமல் நின்றுபோன நல்ல கறுப்பு ஜோடி அது. மாமாவின் அளவு அப்பாவுக்கு மனப்பாடம்.

ரயில் நின்றது. நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். முதலில் ஒரு இரும்புப் பெட்டி இறங்கியது. பிறகு இரண்டு ஊன்றுகட்டைகள். அவற்றுக்கு நடுவில் மாமா. கால்சட்டையின் வெறும் இடது பக்கத்தை முட்டிக்கு மேலே மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்கோ சட்டம் இருந்தது, நிறுத்தவில்லை. பெரியவர்களும் நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் சபையில் இங்கிலீஷ் பாட்டு எதுவானாலும் அது துதிப்பாட்டுத்தான். ஜெபத்தை நடுவில் நிறுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? எங்களோடு வந்திருந்த, சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கண்களை மூடினார்கள். மாமா மட்டும், நடைமெட்டைக் கேட்ட பழக்கத்தில், கட்டைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு முதுகை நிமிர்த்தி நின்றார்.

அத்தைதான் அசைந்தாள். மாலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மாமாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவர் எதிரில் மண்டியிட்டாள். ஊக்கைக் கழற்றி, கசங்கிய துணியை ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பைப் போல நேராக மடித்து, மறுபடி குத்தினாள். அதன் பிறகுதான் அண்ணாந்து பார்த்தாள். நாங்கள் அப்போது கடைசிச் சுற்றில் இருந்தோம். ஒரு கீச்சுச் சத்தம்கூட வரவில்லை. அவ்வளவு நன்றாக நாங்கள் அதற்கு முன்பு வாசித்ததே இல்லை.

"ஆமென்" என்றார் உபதேசியார்.

மாமாவின் கண் அப்பாவின் முதுகுப்பக்கம் போனது. "பொட்டில இன்னா மாமா, மறைக்கிற?" என்றார். அக்கா புருஷனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

அப்பா பெட்டியை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஜோடியாவா கொண்டாந்த? ஒண்ணு ஜாஸ்தி, மாமா" என்று சொல்லிவிட்டு மாமாவே சிரித்தார். அவர் சிரித்ததால் பிள்ளைகள் நாங்களும் சிரித்தோம். அப்பா பெட்டியோடு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய், வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மாமா தன் கதையை யாரிடமும் சொன்னதில்லை. போய்ச் சேர்ந்தும் வருஷங்களாகின்றன. என் மகனை அவரிடம் அனுப்பி, கேட்டுவிட்டு வா என்று சொல்லவும் வழியில்லை. அவனுக்கு மாமா என்றால் சுவரில் மாலை போட்ட, சீருடைப் படம். அந்தப் படம் மார்புக்குக் கீழே போவதில்லை.

ரயில் கிளம்பிப் போன பிறகு சிஸ்டர் வந்து சேர்ந்தார். குழல்களை எடுத்துக்கொண்டு நாங்கள் எதற்குப் போனோம் என்று பள்ளி வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். வழியிலேயே மெட்டும் கேட்டிருக்கிறது. தலைத்துணி நழுவ, மூச்சிரைக்க ஓடிவந்தவர், மாமாவின் மடித்த கால்சட்டையைப் பார்த்ததும் நின்றார். எங்களைப் பார்த்தார். இன்னா வாசிச்சீங்க என்று கேட்கக்கூட இல்லை. என் தலைமேல் கையை வைத்தார். கை சுட்டது.

"இது வந்தவனுக்கு வாசிக்கிற பாட்டு இல்லடி" என்றார். "போறவனுக்கு வாசிக்கணும்."

எந்த இடத்தில் சுரம் தப்பியது என்று யோசித்தபடி, நான் குழலின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.