பால் ஒத்துக்கொள்ளாத கல்யாணப் பெண்

கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் எனக்கு வயிறு சரியில்லை. பம்பாய் மாட்டுங்காவில் இதை ரகசியமாக வைத்துக்கொள்ள வழியில்லை. எங்களுடையது ஒரே அறையும் சமையலறையும். கக்கூஸ் வராந்தாக் கோடியில், மாடி முழுவதற்கும் பொது. காலையில் நான் வரிசையில் வந்து நின்றால் பக்கத்து வீட்டுப் பாலக்காட்டு மாமா வாளியோடு ஒதுங்கிக்கொண்டு, "நீ போம்மா, எனக்கு அவசரமில்லை" என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் மாடி முழுவதும் கேட்கச் சொல்வார்.

நான் அப்போது ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. ரயில் ஏறினதும் வயிறு பொருமத் தொடங்கும். பல நாள் பைகுல்லாவில் பாதியில் இறங்கி, ஆபீசுக்குத் தாமதமாகப் போய் நின்றிருக்கிறேன்.

கிங்ஸ் சர்க்கிளில் இருந்த எங்கள் குடும்ப டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். "குடல் சூடு. நிறையப் பால் குடுங்கோ" என்றார். பம்பாயில் அப்போது பாலுக்குக் கார்டு வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் கூடுதலாக ஒரு பாட்டில் கிடைக்கும். ரயில்வே குமாஸ்தாவான அப்பா லீவு போட்டு அலைந்து அந்தக் கூடுதல் கார்டை வாங்கி வந்தார். அம்மா பாலைச் சுண்டக் காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டுக் காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் கொடுத்தாள். நடுவில் காபி வேறு. வயிறு முன்னைவிட மோசமாயிற்று. அம்மா பாலைக் கூட்டினாள்.

இந்த நிலையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பாடச் சொன்னார்கள். கல்யாணியில் ஆரம்பித்து மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் என் வயிறு, யாரோ பீரோவை நகர்த்துவதுபோல ஒரு சத்தம் போட்டது. பையனுடைய மாமா கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மேல யாரோ சாமான் நகர்த்தறா போலிருக்கே?"

"ஆமாம், ஆமாம். பஞ்சாபிக் குடும்பம். ஓயாத சத்தம்" என்றார் அப்பா.

எங்கள் வீடு கடைசி மாடி. கீழே இறங்கிப் போனபின் அந்த மாமா தெருவில் நின்று கட்டடத்தை நிதானமாக அண்ணாந்து பார்த்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.

ஆபீசில் என் பக்கத்து மேஜையில் இருந்த மராட்டிப் பெண்தான் செம்பூரில் ஒரு லேடி டாக்டரைச் சொன்னாள். அப்பாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். டாக்டரம்மா ஹிந்தியில் நேராகக் கேட்டார், காலையில் வயிறு எப்படிப் போகிறது என்று. நான் தரையைப் பார்த்தேன். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தனக்குக் கைவந்த ரயில்வே பாஷையில் சொன்னார்: "சம் டேஸ் கூட்ஸ், மேடம். மோஸ்ட் டேஸ் எக்ஸ்பிரஸ்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் எப்போது போனாலும், "க்யா பேட்டி, கூட்ஸ் யா எக்ஸ்பிரஸ்?" என்பதுதான் முதல் கேள்வி.

காலையிலிருந்து படுக்கப் போகும்வரை என்னென்ன சாப்பிடுகிறேன், எதைச் சாப்பிட்டபின் பொருமுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், சிலருக்குப் பால் செரிக்காது, உனக்கும் அப்படி இருக்கலாம், நிறுத்திப் பார்ப்போம் என்றார். தயிரும் மோரும் அளவாகச் சாப்பிடலாம். பால், பாயசம், காபி கூடாது.

"காபியுமா?" என்றார் அப்பா. வியாதி எனக்கு. முகம் வெளிறியது அவருக்கு.

அம்மா நம்பவே இல்லை. "பால் ஆகாதுன்னு ஒரு டாக்டர் சொல்லுவாளா? பொறந்த குழந்தைக்கே அதானேடி ஆகாரம்!" என்றாள். ஆனாலும் நிறுத்தினாள். சில நாளில் வயிறு அடங்கிற்று. பைகுல்லாவைத் தாண்டி ரயில் போகிறபோது நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெரிய சந்தோஷம் அது. பிறகு திடீரென்று மறுபடியும் பழைய கதை. டாக்டரம்மாவுக்கும் புரியவில்லை. அப்பாதான் ஒரு நாள் என் கோதுமைக் கஞ்சியை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"ஏன் இப்படி வெள்ளையா இருக்கு?"

"கொஞ்சமே கொஞ்சம் விட்டேன். பொண்ணு துரும்பா இளைச்சுப் போயிட்டாளேன்னா!"

இதைக் கேட்டதும் டாக்டரம்மா அம்மாவை அழைத்து வரச் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்தது காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற ஹிந்தி மட்டும். சண்டைக்குத் தயாராகத்தான் வந்தாள். ஆனால் டாக்டரம்மா திட்டவில்லை. நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். அப்பா மொழிபெயர்த்தார்:

"எனக்கும் நிச்சயமாத் தெரியாதுங்கறா. உன்னாலதான் கண்டுபிடிக்க முடியுமாம். இவளுக்கு நன்னா ஆனப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை நீயே ஒரு டம்ளர் பால் குடுத்து, பக்கத்துல உக்காந்து பாருங்கறா."

அம்மா தன் பேர ஹிந்தியிலேயே சம்மதம் சொன்னாள். "பஹுத் அச்சா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில் பாலைக் குடித்துவிட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே என் வயிற்றையே பார்த்தாள். கீரை முடிகிற சமயம் வயிறு உருள ஆரம்பித்தது. அம்மாவின் கை நின்றுவிட்டது.

"கேக்கறதுடி" என்றாள் மெதுவாக. பிறகு, "இத்தனை நாளா நானேவா..." என்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் ஆறுதல் சொல்லியிருப்பேன். ஆனால் வராந்தாக் கோடிக்கு ஓட வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அம்மா பாலுக்குப் பரம எதிரி. அடுத்த வரன் வந்தபோது பாயிலேகூட அவர்கள் சரியாக உட்காரவில்லை, அதற்குள் அறிவித்தாள்: "முன்னாடியே சொல்லிடறேன். எங்க பொண்ணுக்குப் பால் ஆகாது."

பையன் உடனே வாயைத் திறந்தான்: "எனக்குக் கத்திரிக்காய் ஆகாது."

அவன் அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "எப்போலேர்ந்துடா?"

"சின்ன வயசுலேர்ந்து. நீ கேக்கவே இல்லையே."

அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கல்யாணத்தில் ஊஞ்சலில் உட்கார்த்திப் பாலும் பழமும் கொடுப்பார்கள். சுமங்கலிகள் ஒவ்வொருத்தராக வந்து ஆளுக்கு ஒரு ஸ்பூன். அத்தனை பேரும் கொடுத்தால் என் கதி என்ன என்று யோசித்த அம்மா, யாரிடமும் சொல்லாமல் வெள்ளிக் கிண்ணத்தில் தேங்காய்ப் பாலை ஊற்றி வைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அத்தை கிண்ணத்தை எடுத்ததும் மோந்து பார்த்தாள்.

"இதென்ன அநியாயம்! பசும்பால் இல்லாம ஒரு கல்யாணமா?"

"பொண்ணுக்கு ஆகாது மாமி!" என்றாள் அம்மா.

"ஒரு நாளைக்குக் கூடவா ஆகாது?"

நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். முன்வரிசையில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாவிட்டாலும் கிண்ணத்தையும் அம்மாவின் முகத்தையும் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, ஒரு விரலை உயர்த்தினார். "ஏக் சம்மச் சலேகா!"

"ஒரு ஸ்பூன் பரவாயில்லையாம்" என்று அப்பா சபைக்கு அறிவித்தார். அத்தை பசும்பாலில் ஒரு ஸ்பூன் ஊட்டினாள். மற்றவர்கள் எல்லோரும் தேங்காய்ப் பால். அத்தையும் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு, ஏலக்காய்தான் கம்மி" என்றாள்.

கல்யாணத்துக்கப்புறம் செம்பூருக்கே குடிபோனோம். டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு ஸ்பூனாகக் கூட்டிப் பார்த்து, ஒரு டம்ளர் டிகாஷனுக்கு எவ்வளவு பால் விட்டால் வயிறு பேசாமல் இருக்கும் என்று கண்டுபிடித்தோம். கருப்பும் இல்லை, பழுப்பும் இல்லை, சேறு கலந்த மழைத்தண்ணீர் மாதிரி ஒரு நிறம். அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் அதைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தனியாப் போடும்மா" என்பார். அவருக்குத் தனியாகவே போட்டுக் கொடுப்பேன். எனக்கு இந்தக் காபிதான் ருசி.