துருப்பிடிக்காத தகடு

வில்ஹோ கெத்தோலா வேலையில் இருந்த காலமெல்லாம் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். வடக்கே ஏரியை ஒட்டிய கெவீனா பக்கம் பனி கொட்டத் தொடங்கினால் கூரையும் தெருவும் ஒன்றாகிவிடும். அந்த வெள்ளைக்குள் சாலை எது, சாக்கடை எது என்று அவருக்கு மட்டும் தெரியும் என்று ஊரில் பேர். அதிகம் பேசமாட்டார். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் மனைவி காரல் காலமாகிவிட்டாள். பிள்ளைகள் மில்வாக்கிக்குப் போய்விட்டார்கள். சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு பிளந்து முடித்தபின் பகல் நீளமாக இருந்தது. அந்தப் பகலைக் கழிக்கத்தான் உலோகம் தேடும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போக ஆரம்பித்தார்.

அந்த மண்ணில் செம்பு கட்டி கட்டியாகப் புதைந்து கிடக்கும். சுரங்கங்கள் மூடி எத்தனையோ வருடமாகியும், பச்சை பூத்த ஒரு செம்புக் கட்டி கையில் தட்டுப்படும்போது நெஞ்சில் ஒரு துள்ளல் வரத்தான் செய்யும். வில்ஹோவுக்கு அது போதும்.

அந்த ஜூலையில் ஏரிப் பக்கமிருந்து வந்த சூறைக்காற்று சரிவு முழுக்க மரங்களைச் சாய்த்துவிட்டது. வேரோடு மரம் சாய்ந்தால் மண் ஆழத்திலிருந்து புரண்டு மேலே வரும். செம்பு தேடுகிறவர்களுக்கு அது விருந்து. வில்ஹோ ஒவ்வொரு வேர்க்குழியாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு பெரிய மேப்பிள் மரத்தின் வேர்ச்சுவரில் கருவியை நீட்டியபோது செம்புக்கு வரும் கணீர் ஒலி வரவில்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மினுக்குத் தாளுக்கு வருவதுபோல் மந்தமாக முனகியது. வேறு யாராவது என்றால் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவருக்கு அவசரமில்லை, தோண்டினார்.

வேர்களுக்கு நடுவே ஒரு தகடு சிக்கிக்கொண்டிருந்தது. விரலை விடக் கொஞ்சம் நீளம், லேசான வளைவு. வரிசையாக ஓட்டைகள். இரண்டு ஓட்டைகளில் திருகாணி இன்னும் இருந்தது. சட்டையில் துடைத்ததும், நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் மினுக்கியது.

வீட்டுக்குக் கொண்டுவந்து சமையல் மேசையில் வைத்துப் பார்த்தார். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே சாதாரண இரும்பில்லை. கனமாக இருந்ததால் அலுமினியமும் இல்லை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, ஈயமில்லை. செம்பில் வெள்ளி ஓடியிருக்கிறதா என்று பார்க்க அவர் ஒரு புட்டியில் அமிலம் வைத்திருந்தார். ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் விட்டதுபோல் அப்படியே உட்கார்ந்திருந்தது. வெள்ளியும் இல்லை. துருப்பிடிக்காத எஃகோ? இருக்கலாம். ஆனால் அந்த மேப்பிள் முளைப்பதற்கு முன்னால் அந்தக் காட்டில் எஃகுத் தகடு யாருக்கு எதற்கு?

மறுநாள் மதியம் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டெல்மர் ப்ரிஸ்க் வீட்டுக்குப் போனார். டெல்மரும் கருவி தூக்கிக்கொண்டு அலைகிறவர்தான். ஆனால் பிழைப்புக்கு, பல் மருத்துவர்களுக்காகப் பல்செட் செய்துகொண்டிருந்தவர். அந்தப் பட்டறை வீட்டின் நிலவறையில் இன்னும் அப்படியே இருந்தது.

"வாய்யா. ஃபின்லாந்துக்காரன் கூப்பிடாம வந்தா வீட்ல காபித்தூள் தீந்துருக்கணும்."

"காபியும் குடு. இதையும் பாரு."

"பேஸ்டி இருக்கு, கறியும் கிழங்கும் அடைச்சுச் சுட்டது, சாப்பிடுறியா? உங்காளுங்க மாதிரி கேரட்டப் போட்டுப் பாழாக்கல. எங்க கார்ன்வால்காரங்க வீட்டு பேஸ்டி."

"அப்புறம் சாப்பிடறேன். முதல்ல இதைப் பாரு."

டெல்மர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். அரத்தை எடுத்து ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது. "அட" என்றார். சுழலும் ரப்பர் சக்கரத்தில் ஒரு மூலையை மட்டும் காட்டினார். நீலம் கலந்த வெள்ளையாக ஒரு பளபளப்பு வந்தது. அதைப் பார்த்ததும் பழைய நண்பனைத் தெருவில் பார்த்ததுபோல் சிரித்தார்.

"இது எஃகு இல்லய்யா. எஃகா இருந்தா அரம் கடிச்சிருக்கும். இது கோபால்ட்டும் குரோமியமும் கலந்தது. பல்செட்டுக்கு அடியில சட்டம் போடுவோமே, அதே சரக்கு. வாழ்நாள் பூரா இத உருக்கித்தான் என் கண்ணு போச்சு."

"பல்லுக்கா? இவ்வளவு நீளத்துக்கு எவன்யா வாய் வச்சிருந்தான்?"

டெல்மர் விளக்கடிக்கு நகர்ந்தார். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருகாணியின் தலை உட்கார ஓட்டைகளைக் குடைந்திருந்த விதத்தைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. தகட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் தன் தொடைமேல் வைத்தார்.

"உடம்புக்குள்ள வச்சா துருப்பிடிக்காது, சீழ் பிடிக்காது. பல்லுக்கு ஆகுறது அதனாலதான். எலும்புக்கும் இதத்தான் வைப்பாங்க, வில்ஹோ. அந்தக் காலத்துல தொடை முறிஞ்சா இதை வச்சுத் திருகிடுவாங்க."

வில்ஹோ தகட்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார்.

"தகடு அங்க இருந்தா," என்றார் டெல்மர், "மத்ததும் அங்கதான் இருக்கும். போலீஸ் வந்து பாக்கணும், ஷெரிஃபுக்கு போன் போடு."

"போடறேன். அதுக்கு முன்னாடி ஒரு இடம் போகணும்."

தொடையில் தகடு வைத்த ஒரே ஒரு ஆளைத்தான் வில்ஹோவுக்குத் தெரியும். ஓன்னி ஹர்ஜு, சுரங்கத்தில் மரத்தூண் சரிந்து கால் முறிந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். வில்ஹோவுக்குப் பதினோரு வயதிருக்கும்போது, மான் வேட்டைக் காலத்தில், துப்பாக்கியோடு காட்டுக்குப் போன ஓன்னி திரும்பவில்லை. ஊர் ஆண்கள் எல்லாரும் பனியில் இறங்கித் தேடினார்கள். மூன்றாம் நாள் வில்ஹோவின் அப்பா நெஸ்டோர் டவுனுக்குப் போய்த் திரும்பி வந்து, துலூத் நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஓன்னி ஏறுவதைப் பார்த்ததாகச் சொன்னார். முதுகுப் பக்கம்தான் பார்த்தாராம். ஆனால் அந்த நடை, அந்தக் கட்டம் போட்ட கோட்டு, ஓன்னியேதான் என்றார். நெஸ்டோர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அன்றோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஊர் மீதிக் கதையைத் தானே கட்டிக்கொண்டது. துலூத்தில் ஒரு சாப்பாட்டுக்கடைக்காரி என்றார்கள். மாசமாக இருக்கிறாள் என்றுகூடச் சொன்னார்கள். ஓன்னியின் மனைவி சைமா அதை மறுக்கவும் இல்லை, அழவும் இல்லை. புருஷனின் பனிச்சறுக்குக் கட்டைகளை அடுப்பில் வைத்தாள். சுரங்க மேலாளர்களின் வீடுகளில் தரை துடைத்து மகளை வளர்த்தாள். சாகும்போது, கல்லறைக் கல்லில் தன் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் பொறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செத்தாள். அப்படியே பொறித்திருக்கிறது.

மகள் ஐலி ஊரிலேயே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வில்ஹோ போனபோது வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து ஜாமுக்காகத் திம்பிள்பெர்ரிப் பழங்களில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் சிவந்திருந்தன.

"பழம் பறிக்க வராம சாப்பிட மட்டும் வந்துருக்கியா?"

"ஐலி, கையக் கழுவிட்டு உக்காரு."

"உக்காந்துதான இருக்கேன்."

வழி நெடுக யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. தகட்டைக் கைக்குட்டையோடு படிமேல் விரித்து வைத்தார். எங்கே கிடைத்தது, என்ன உலோகம், டெல்மர் என்ன சொன்னார் என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

"உங்கப்பாதான்னு நான் சொல்லல. அதை ஷெரிஃப் ஆபீஸ்காரங்க பாத்துச் சொல்லணும். அவங்க வந்து கதவத் தட்டறதுக்கு முன்னாடி உனக்குத் தெரியணும்னு வந்தேன்."

ஐலி தகட்டைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிர்காலத்துல வலிக்கும்னு அதுமேல கம்பளித் துணி சுத்திப்பார்," என்றாள். "நான்தான் சுத்திவிடுவேன்."

பிறகு கேட்டாள்: "அப்போ பஸ்ல ஏறுனது யாரு?"

வில்ஹோ தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அதற்கு அடுத்த வருடம்தான் கண்ணாடி போட்டுக்கொண்டார் என்பது ஞாபகத்துக்கு வந்தது. சொன்னால் சாக்குச் சொல்வதுபோல் இருக்கும் என்று தோன்றியது. இருந்தாலும் சொன்னார்.

"சாய்ஞ்சு நடந்தா எங்கப்பாவா?" என்றாள் ஐலி. குரல் உயரவில்லை. "இந்த ஊர்ல அன்னிக்கு நேரா நடந்தவன் எத்தன பேரு? பாதி ஆம்பளைங்களை சுரங்கம் நொண்டியாக்கி வச்சிருந்துச்சு. ஆள் ஆளுக்குக் கட்டம் போட்ட கோட்டு."

"ஆமா."

"எங்கம்மா அந்த ஆள நினைச்சு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. விட்டா அவமானம்னு விடல."

 பழக்கூடையில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. வில்ஹோ எழுந்து கூடையை நகர்த்தி வைத்தார்.

ஷெரிஃப் ஆட்கள் வந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து எலும்பு பார்க்கிறவர்களும் வந்து, மரத்தை அறுத்து அகற்றிவிட்டுக் கரண்டியால் மண்ணெடுத்தார்கள். மேப்பிள் நின்ற இடம் பழைய சோதனைக் குழி ஒன்று. செம்பு இருக்கிறதா என்று யாரோ எப்போதோ வெட்டிப் பார்த்துவிட்டு மூடாமல் போனது. இலையும் பனியும் மூடியிருந்தால் பகலில்கூடத் தெரிந்திருக்காது. உள்ளே துருப்பிடித்த துப்பாக்கிக் குழலும், சுடாத பித்தளைத் தோட்டாக்களும், பூட்ஸின் ரப்பர் அடிப்பாகமும், எலும்புகளும் இருந்தன. எலும்பின் மரபணுவை ஐலியின் எச்சிலோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஓன்னிதான் என்றார்கள். குண்டடியோ வெட்டோ இல்லை. இடுப்பெலும்பு உடைந்திருந்தது, விழுந்ததில் உடைந்திருக்க வேண்டும் என்றார்கள்.

ஊரில் வயதானவர்கள் சிலர் ஐலியைக் கடையில் பார்த்து மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் அவளைப் பார்த்ததும் அடுத்த வரிசைக்குத் திரும்பிக்கொண்டார்கள். வில்ஹோவிடம் யாரும் நெஸ்டோரைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. கல்லறைக்குப் போய் அப்பாவின் கல்லுக்கு முன்னால் நின்றார். கோபப்படலாம் என்று போனவருக்குக் கோபமும் சரியாக வரவில்லை. பசியோடு இருந்த வீட்டுக்கெல்லாம் சொல்லாமல் மான் இறைச்சி கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிற மனிதர் அவர். சைமா வீட்டு வாசலிலும் வைத்திருக்கிறார். அது, ஓன்னியைப் பார்த்ததாக நிஜமாகவே நம்பியவரின் இரக்கமா, தப்பு என்று தெரிந்தே சொன்னவரின் பரிகாரமா என்று அந்தக் கல் சொல்லவில்லை.

அக்டோபரில் இலை உதிர்ந்து முடியும் நேரத்தில் அடக்கம் வைத்தார்கள். அதற்கு முந்தின வாரம் ஐலி வில்ஹோ வீட்டுக்கு வந்தாள்.

"பெட்டி தூக்க ஆறு பேர் வேணும். நீயும் வரணும்."

"ஊர்ல யாராவது ஏதாவது..."

"உங்கப்பாவுக்காக இல்ல. கண்டெடுத்தவன் நீ, தூக்கவும் நீதான் தூக்கணும்."

"சரி."

"அம்மா கல்லுல பேரை மாத்தச் சொல்லி பாதிரியார் சொல்றாரு. மாட்டேன்னுட்டேன். அவ கேட்டது அவளுக்கு. அப்பாவுக்குப் பக்கத்துல தனிக் கல்லு. ரெண்டு பேரும் தங்களுக்குள்ள பேசித் தீத்துக்கிடட்டும்."

பெட்டி கனமே இல்லை. ஆறு பேர் தூக்கத் தேவையே இல்லாத அளவுக்கு லேசாக இருந்தது. அதனால்தானோ என்னவோ எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். தகடு உள்ளேதான் இருந்தது. ஐலி அதற்கு ஒரு கம்பளித் துணியைச் சுற்றி வைத்திருந்தாள்.

முதல் பனி விழுவதற்கு முன் அந்தக் குழியைப் பார்க்க வேண்டும் என்று ஐலி கேட்டாள். வில்ஹோ அழைத்துப் போனார். மேலிருந்து பார்த்தால் ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது. அவ்வளவு பக்கம். இருவரும் விளிம்பில் நின்றார்கள்.

"எவ்வளவு நேரம் உசுரோட இருந்திருப்பாரு?" என்று கேட்டாள்.

வில்ஹோவும் அதைத்தான் கோடை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். தேடியவர்கள் இந்தச் சரிவுக்கு வரும் முன்பே நிறுத்திவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். உடனே போயிருப்பார் என்று சொல்லலாம். சொன்னால் அவளுக்கு ஆறுதல், தனக்கும் ஆறுதல். வாய்வரை வந்தது.

"தெரியாது, ஐலி," என்றார்.

அவள் தலையசைத்தாள். "இந்த வார்த்தைய உங்கப்பா அன்னிக்கு சொல்லியிருக்கலாம்."

 திரும்பும் வழியில் சரிவு வழுக்கிய இடத்தில் வில்ஹோ கை நீட்டினார். பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழே வந்ததும் விட்டுவிட்டாள்.

அடுத்த வசந்தத்தில் பனி கரைந்ததும் வில்ஹோ அந்தச் சரிவில் வேறு வேலையாக இறங்கினார். தான் வேலை பார்த்த மாவட்ட அலுவலகத்தில் பழைய ஆட்களைப் பிடித்து, கம்பியும் கட்டைகளும் வாங்கி, திறந்து கிடந்த சோதனைக் குழிகளை ஒவ்வொன்றாகத் தேடி வேலி போட்டார். சிலவற்றைக் கல் போட்டு நிரப்பினார். டெல்மர் உதவிக்கு வருவார், வந்து பாதி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து பேஸ்டி தின்பார். வழியில் செம்பு தட்டுப்பட்டால் எடுத்துக்கொள்வார்கள். ஜாம் போடும் மாதத்தில் ஐலி ஒரு நாள் இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்து வில்ஹோவின் வண்டி இருக்கையில் வைத்துவிட்டு, அவர் குழியை விட்டு மேலே ஏறி வருவதற்குள் போய்விட்டாள்.