சாமிக்கு வாங்கிய ஷூ

பிள்ளை சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால், திட்டுவதற்குக்கூட “சாமி” என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

“சாமி, அடம் பிடிக்காத. ஒரு மணி நேரம் ஷூவை மாட்டிக்கோ, வெளிய வந்ததும் கழட்டிடு.”

“மாலை போட்டுக்கினு ஷூவா? ஆளை விடும்மா.”

ஒரு வருடமாக வேலை தேடியவனுக்கு வந்த ஒரே இன்டர்வியூ. பாண்டி பஜாரெல்லாம் அலைந்து வெளிர்நீலச் சட்டையும் ஷூவும் வாங்கி வைத்திருந்தேன். அவனோ இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மணி, வெறுங்கால். மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரி வரை ரயிலில் நான் கெஞ்சிக்கொண்டே வந்தேன். அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

இறங்கினால் மழை. ஷூப் பையை மார்போடு அணைத்தபடி அலுவலக வாசல்வரை போனேன். கண்ணாடிக் கதவு திறந்தது. பளபளத்த தரையில் ஈரப் பாதம் பதியப் பதிய, நிமிர்ந்து நடந்தான். எனக்குத்தான் உடம்பு கூசியது. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் ஒதுங்கி நின்றாள்.

“இன்டர்வியூவா சாமி? பாத்துப் போ, வழுக்கும். நான் தொடச்சுக்கறேன்.”

திரும்பி வந்தவனிடம், “காலைப் பார்த்தாங்களா?” என்றேன்.

“அதைத்தாம்மா மொதல்ல கேட்டாங்க. மலைக்குப் போய்ட்டு வந்து ஷூ போடறேன், அதுவரைக்கும் இப்படித்தான்னு சொல்லிட்டேன்.”

“ஐயோ சாமி!”

“அப்புறம் வேலையைப் பத்திக் கேட்டாங்க. சொன்னேன்.”

வேலை கிடைத்தது. மலையிலிருந்து வந்த மறுநாள்தான் அந்த ஷூவைப் போட்டான். மாலையைத்தான் கழற்றியாயிற்றே, இனி பழையபடி “டேய்” எனலாம். கயிறு கட்டி நிமிர்ந்தவனைப் பார்த்தேன். வாய் வரவில்லை.

“சாப்பாட்டை எடுத்துக்கோ, சாமி” என்றேன்.