வலப்பக்கம் முழுதாகத் திருப்பிய குமிழ்

பேஸ் கிற்றாருக்கான கம்பிரஸர் பெடலில் பிளெண்ட் என்று ஒரு குமிழ் இருக்கும். அது செய்வது ஒரே ஒரு வேலை. நாம் வாசித்த சத்தம் பெட்டிக்குள் நுழைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே போகிறது. மற்றப் பங்கு நசுக்கப்படுகிறது. பலமாக அடித்த சுரம் தணிக்கப்படும், மெதுவாகத் தொட்ட சுரம் தூக்கிவிடப்படும், எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். வெளியே போகும்போது எந்தப் பங்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது பிளெண்ட். இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் உங்கள் விரல் மட்டும் கேட்கும். வலப்பக்கம் முழுதாகத் திருப்பினால் பெட்டி மட்டும் கேட்கும்.

பக்கத்தில் இருப்பது டோன். நசுக்கிய சத்தம் கம்பளி போர்த்தியது மாதிரி மங்கிப்போகும். டோனைக் கூட்டினால் கூர்மை திரும்பி வரும், இரைச்சலும் சேர்ந்து வரும். குறைத்தால் இரைச்சல் போகும். கூடவே வேறு சிலதும் போகும். அது என்னென்ன என்று கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

அப்போது கண்டியில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தேன். சனி, ஞாயிறுகளில் கலியாண வீடுகளிலும் ஹோட்டல்களிலும் பேஸ் வாசிப்பேன். எங்கள் பாட்டுக்காரன் யாழ்ப்பாணத்தான். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க். குண்டசாலையில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தான். சைவப் பழம். மேடையில் ஆட வைக்கும் பைலா பாடிவிட்டு இறங்கி வந்து திருநீறு பூசிக்கொள்வான்.

"உன்ர பேஸ் இடி முழங்கின மாதிரி இருக்கு மச்சான். பொம்பிளை பயந்து மாப்பிள்ளையை விட்டிட்டு ஓடப்போறாள்" என்பான்.

"ஒங்க ஊர்ல இடி முழங்கினா பங்கருக்குள்ள ஓடுவீங்க. எங்க ஊர்ல ஆடுவாங்க" என்பேன் நான்.

அவன் சிரிப்பான். அந்தக் காலத்தில் அதற்கெல்லாம் சிரித்தோம்.

அவன் இடி என்று சொன்னதில் உண்மை இருந்தது. எனக்கு விரல் பலம் அதிகம், கட்டுப்பாடு குறைவு. அதற்காகத்தான் அந்தப் பெடலை வாங்கினேன். வெளிநாடு போகவிருந்த ஒரு ஹோட்டல் வாத்தியக்காரனிடமிருந்து கிடைத்தது. அதில் இரண்டே குமிழ்கள்தான் இருந்தன. சத்தம் ஒரே மட்டத்துக்கு வந்தது, ஆனால் விரல் கம்பியில் படுகிற அந்த முதல் தட்டு செத்துப்போனது. கெலிஓயாவில் ரேடியோ திருத்தும் ஒரு முஸ்லிம் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்து, பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டு, ஈயம் பற்றவைத்து, பிளெண்டும் டோனும் பொருத்திக் கொடுத்தார். பாதியில் வைத்து வாசித்தபோது பேஸ் சீராகவும் இருந்தது, என் விரலாகவும் இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்துக்கு அளவே இல்லை. அந்தப் பெட்டியால் எதையும் சீர்செய்யலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் கண்டியில் தமிழர்களைப் பிடிக்கும் சுற்றிவளைப்புகள் கூடியிருந்தன. என் நண்பனையும் ஒரு காலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். கந்தோரிலிருந்து ஆள் வந்து கையெழுத்துப் போட்டு இரண்டாம் நாள் மீட்டார்கள். இங்கே அத்தோடு முடிந்தது. ஆனால் செய்தி வன்னிக்குப் போய்விட்டது. அவனுடைய அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து அங்கே ஒரு கொட்டிலில் இருந்தார். பிடித்தார்கள் என்ற செய்தி போனது. விட்டார்கள் என்ற செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை. வேறு யாரோ சொன்ன கதை முந்திக்கொண்டு போய், மகன் செத்துவிட்டான் என்று ஆகிவிட்டது.

அங்கே போன் இல்லை, நேரே போக இராணுவத்தின் பாஸும் கிடைக்காது. அவன் கடிதம் எழுதினான், கைமாறிக் கைமாறிப் போனது. அம்மா நம்பவில்லை. அவருக்குக் கண் மங்கிவிட்டது, கடிதத்தை வேறொருவர்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் இருந்த கொட்டில் வரிசையிலேயே ஒரு பெண்ணுக்கு, மகன் செத்த பிறகும் சொந்தக்காரர்கள் பாவம் பார்த்து மகன் பெயரில் கடிதம் எழுதி எழுதி ஆறு மாதம் ஏமாற்றியிருக்கிறார்கள். அதனால் கடிதம் வேண்டாம் என்றார். மகன் உயிரோடு இருந்தால் அவனுடைய குரலை அனுப்பட்டும், சின்ன வயதில் தான் சொல்லிக்கொடுத்த தேவாரத்தைப் பாடி அனுப்பட்டும் என்று பக்கத்துக் கொட்டில் டீச்சர் மூலம் எழுதியனுப்பினார்.

வன்னிக்குப் போய் வரும் ஒரு பாதர் கசெட்டை எடுத்துப்போகச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை சொன்னார். அதில் பேச்சு இருக்கக் கூடாது. வவுனியாச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் கசெட்டைப் போட்டுக் கேட்பார்கள். பேச்சு இருந்தால் யாருக்கு என்ன தகவல் என்று ஆயிரம் கேள்வி வரும். பக்திப்பாட்டு என்றால் விட்டுவிடுவார்கள். அப்போது எல்லோரும் அப்படித்தான் அனுப்பினார்கள். "அம்மா, நான்தான்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அவனுக்கு வழி இல்லை. பாட்டைக் கேட்டே அந்த மனுஷி மகனை அடையாளம் காண வேண்டும்.

பதிவு செய்து தருவதாகச் சொன்னவன் நான். கடன் வாங்கிய மிக்ஸர், ஒரு மைக், என்னுடைய கசெட் டெக் எல்லாவற்றையும் த்ரீவீலரில் போட்டுக்கொண்டு குண்டசாலைக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா நல்லவர். ஆனாலும் தமிழ்ப் பாட்டு ரோட்டுக்குக் கேட்டால் தனக்குத்தான் கரைச்சல் என்று சொல்லி ஜன்னல்களை மூடச் சொன்னார். மூடினோம். அறை வெந்தது. அவன் குரலை அடக்கிப் பாடினான். வரி முடிகிற இடத்தில் குரலை அப்படியே கீழே விடுவது அவன் பழக்கம். கிட்டத்தட்ட மூச்சாகவே ஆகிவிடும். மேலே ஏறுவதற்கு முன் பல்லிடுக்கால் 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுப்பான். மேடையில் அதற்காக அவனை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். பாம்பு வருகிறது என்பேன்.

பதிவில் கீழே விட்ட இடம் இரைச்சலில் மூழ்கியது. மேலே ஏறிய இடத்தில் டெக்கில் சத்தத்தை அளக்கும் ஊசி சிவப்பில் போய் முட்டியது. எனக்கு எரிச்சல். பெடலை எடுத்து மிக்ஸருக்கும் டெக்குக்கும் நடுவில் கோர்த்தேன்.

"இது பேஸுக்கு உள்ளதெல்லே?" என்றான்.

"சத்தம் சத்தம்தான் மச்சான். நீ பாடு."

இதே யோசனையை முந்தின நாள் நானாவிடம் கேட்டிருந்தேன். "மனுசன்ட குரலுக்கு வெக்கிறண்டா பாதிக்கு மேல போகாதீங்க. அதுக்கு மேல போனா குரல் மவுத்தாப்போகும். வெளங்கினா?" என்று சொல்லியிருந்தார். குரல் செத்துப்போகும் என்று அவர் சொன்னதை நண்பனிடமும் சொன்னேன். அவனே குனிந்து பிளெண்டைச் சரிபாதியில் வைத்தான்.

"அம்மாவுக்கு என்ர குரல்தான் வேணும், மச்சான். ரேடியோக்காரன்ர குரல் இல்லை" என்றான்.

பாதியில் வைத்து ஒரு பாட்டுப் பாடினான். முன்னையதைவிட நன்றாக இருந்தது. ஆனால் ஊசி இன்னும் இரண்டு இடத்தில் துள்ளியது. அவன் தண்ணீர் குடிக்கக் கீழே போனான். நான் பிளெண்டை வலப்பக்கம் முழுதாகத் திருப்பினேன். இப்போது என் மூச்சு, கதிரை முனகல், மூடிய ஜன்னலுக்கு வெளியே போன பஸ் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தன. அதை அடக்க டோனை அடிமட்டத்துக்கு இறக்கினேன். அவன் மேலே வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவன் திரும்ப மாற்றுவான் என்று தெரியும். முதல் பாட்டின் மேலேயே மறுபடி பதிந்தோம். நான்கு பாட்டு. ஊசி ஒரு இடத்திலும் துள்ளவில்லை. அந்த ஊசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேனே தவிர, பாடுகிறவனை நான் பார்க்கவில்லை.

போட்டுக் கேட்டோம். கடையில் விற்கிற கசெட் மாதிரி இருந்தது. "எப்பிடி?" என்றேன். அவன் தலையை ஆட்டினான். மறுநாள் காலையில் பாதர் கசெட்டை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. பிறகு டீச்சரின் கடிதம் வந்தது. கந்தோர் விட்டதும் அவன் நேரே இரும்புக் கடைக்கு வந்து, ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அதை வாசித்துக் காட்டினான். அங்கே கரண்ட் இல்லை, பற்றரியும் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். அம்மா முதல் பாட்டை முழுதாகக் கேட்டாராம். பிறகு நிறுத்தச் சொன்னாராம். "என்ர பிள்ளை வரி முடிவில குரலை விழுத்துவான். இவன் விழுத்தேல்லை. என்ர பிள்ளை மூச்செடுக்கிறது எனக்குத் தெரியும். இவன் மூச்சே எடுக்கேல்லை. ஆரோ நல்லாப் பாடுற பெடியனைப் பிடிச்சுப் பாடுவிச்சு அனுப்பியிருக்கினம்" என்றாராம். அதுவரை அவருக்குச் சந்தேகம்தான் இருந்தது. கசெட் போன பிறகு சந்தேகம் இல்லை. படத்துக்கு மாலை போட்டு, சொந்தக்காரர் ஒருவரைக் கொண்டு அந்தியேட்டியும் செய்து முடித்துவிட்டார். அந்தியேட்டி என்பது அவர்கள் பக்கத்தில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை.

உயிரோடு இருக்கிற ஒருவன் தன் அந்தியேட்டியைப் பற்றி வாசித்துக்கொண்டு என் முன்னால் நின்றான். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அவனே சொன்னான்: "டைனமோ, மச்சான். சுத்தினவன் களைச்சிருப்பான். குரல் இழுபட்டிருக்கும்."

"இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே எத்தனை தடவை கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. டைனமோ குரலை இழுக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அது எல்லோருக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். டைனமோ ஒருவனுடைய மூச்சைத் தின்னாது. அதைத் தின்றது டோன். விழுந்த குரலைத் தூக்கி நிறுத்தியது பிளெண்ட். இரண்டையும் திருப்பியது என் கை.

அந்த வாரமே இன்னொரு கசெட் செய்தோம். இந்த முறை பெடலை நான் கொண்டே போகவில்லை. "எங்கயடா பெட்டி?" என்று அவன் கேட்டான். பழுது என்றேன். நேரே டெக்குக்குப் பாடினான். இரைச்சலும் சிவப்பும் பஸ்ஸும் எல்லாம் அதில் இருந்தன, அவனும் இருந்தான். ஆனால் சண்டை கூடிப் பாதை மூடிவிட்டது. பாதருக்கு நான்கு மாதம் போக முடியவில்லை. அவனும் பாஸ் கேட்டு வவுனியாவில் போய்க் கிடந்து இரண்டு தடவை திரும்பி வந்தான்.

சமாதானக் காலத்தில் பாதை திறந்ததும் முதல் வாரமே லீவு போட்டுவிட்டு வன்னிக்குப் போனான். அம்மா முந்தின வருடமே இறந்திருந்தார். அது அவனுக்குக் கைமாறி வந்த ஒரு துண்டுக் கடிதத்தில் ஏற்கெனவே தெரியும். தெரியாத ஒன்றை டீச்சர் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கசெட் போய்ச் சேர்ந்திருக்கிறது. அம்மா அதைப் போடவே விடவில்லை. "ஒருக்கா ஏமாத்தினது காணும்" என்று சொல்லிவிட்டாராம்.

இதை அவன் எனக்குச் சொன்னது கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில், அவன் குண்டசாலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது. வன்னியிலிருந்து வந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னான். நான் அங்கேயே சொன்னேன்.

"அந்தக் குமிழ நான்தான் திருப்பினேன் மச்சான். நீ தண்ணி குடிக்கப் போனப்ப."

"தெரியும்" என்றான்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. வயரைச் சுத்தேக்க குமிழைப் பாத்தனான்."

"அப்பறம் ஏன்டா அத அனுப்பின?"

அவன் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "போட்டுக் கேட்டமெல்லே. வடிவா இருந்தது. என்ர குரல் ஒரு நாளும் அப்பிடி இருந்ததில்லை. அம்மா கேட்டுச் சந்தோசப்படுவா எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அது உண்மையா, என் பாரத்தைக் குறைக்கச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கத்தினேன். "நீ எதுக்குடா பங்குக்கு வாற? என்னைய ஏசித் தொலையேன்!"

"ஏசி என்ன செய்ய?" என்றான். "பஸ் வெளிக்கிடப் போகுது. வாறன்." ஏறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் எங்களோடு பாடவில்லை. ஊருக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வருடம் கடைக்குப் போன் எடுத்தான். "அம்மாவின்ர திவசம் வருகுது. நீயும் வாவன், மச்சான். பாதை திறந்துதானே கிடக்கு" என்றான். வெறும் பேச்சுக்குக் கூப்பிடவில்லை. எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்றெல்லாம் சொன்னான்.

கடையில் சரக்கு இறங்குகிறது, வர முடியாது என்றேன். அந்த வாரம் கடையில் ஒரு சரக்கும் இறங்கவில்லை.